எங்களுக்குக் கதை வேணும், அம்மாவுக்கு நித்திரை வேணும்

மூன்றாம் வருட ஆய்வுக்காக முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு ஊருக்குப் போயிருந்தோம். நாலு பேர், ஒரு வினாக்கொத்து, போனில் றெக்கோடிங். அந்த வீட்டு அம்மா தேத்தண்ணி ஊத்தித் தந்தா. ஒன்பதாவது கேள்வியில் மகனைப் பற்றிக் கேட்டோம். 2009 மே மாதத்தில் கடைசியாகக் கண்ட மகன். அவ கதைக்கத் தொடங்கினா. இடையில் கை நடுங்கினது, குரல் அடைச்சது. நாங்கள் நிப்பாட்டேல்லை. எங்களில் ஒருத்தர் கொப்பியில் அந்த இடத்துக்குக் கீழே கோடு போட்டதும் உண்மை. வெளிக்கிடேக்கை அவ கேட்டா: "பிள்ளையள், நீங்கள் எழுதிக்கொண்டு போயிடுவியள். நான் இண்டைக்கு இரவு என்னெண்டு நித்திரை கொள்ளுறது?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. அந்த அம்மாவை அப்படிக் கேட்க வைத்த எங்கள் பழக்கத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம்.

"மனசில இருக்கிறதைச் சொன்னால் பாரம் குறையும்" என்று எல்லோரும் சொல்கிறோம். நண்பரிடம் காதல் தோல்வியைச் சொல்லி அழுவதற்கு அது சரிவரும். குண்டு விழுந்த பதுங்குகுழிக்கு அப்படியே சரிவராது. அதிர்ச்சியின் நினைவு பழைய ஃபோட்டோ மாதிரி அல்பத்தில் கிடப்பதில்லை. தட்டி எழுப்பினால் உடம்பு அதை இப்போது நடப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, மூச்சு முட்டுகிறது. அழிவு நடந்த கையோடு ஆட்களை இருத்தி, நடந்ததை முழுக்க ஒரே அமர்வில் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் உலகெங்கும் நடைமுறையில் இருந்தது. அது நோயைத் தடுக்கவில்லை என்று ஆய்வுகள் காட்டின. இன்று உலக சுகாதார நிறுவனமே அதைச் செய்ய வேண்டாம் என்கிறது. 2011இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல், யாரையும் கதைக்கச் சொல்லி நெருக்காதே என்று தெளிவாகச் சொல்கிறது. அங்கே வேலை மூன்றுதான்: பார், கேள், தேவையான உதவியோடு இணைத்துவிடு.

அப்படியென்றால் மென்மையான சிகிச்சை என்பது என்ன? முதுகைத் தடவி "எல்லாம் சரியாகும்" என்று சொல்வது இல்லை. முதலில் ஆள் நிற்கும் நிலத்தை உறுதியாக்குவது. பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்வது, மூச்சை மெதுவாக விடச் சொல்வது, கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லச் சொல்வது. உடம்பு இந்த இடத்துக்கும் இந்த நேரத்துக்கும் திரும்பி வருகிறது. பிறகு நினைவின் ஓரத்தைக் கொஞ்சம் தொடுவது, பதற்றம் ஏறினால் விட்டுத் திரும்புவது. கொதிக்கிற கஞ்சியை ஓரத்தால் ஊதி ஊதிக் குடிக்கிற மாதிரி. வேகத்தைத் தீர்மானிப்பவர் சொல்பவர், கேட்பவர் அல்ல.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று யாரும் ஒதுக்க வேண்டாம். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர்க்காலத்திலேயே வடக்கில் இதைச் செய்தார்கள். மூச்சுப்பயிற்சியும் சவாசனமும் இருந்தன. சைவருக்கு மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என்று அவரவர் நம்பிக்கையில் இருந்தே அமைதியை எடுத்தார்கள்.

வடகிழக்கில் போரும் சுனாமியும் சேர்ந்து தாக்கிய 31 பிள்ளைகளோடு ஒரு ஆய்வு நடந்து 2009இல் வெளிவந்தது. ஒரு குழு பயிற்றப்பட்டவர்களின் துணையோடு தங்கள் கதையைச் சொன்னது. மற்றக் குழு தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தது. இரண்டுக்கும் ஆறு அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு குழுவிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. 31 சின்ன எண்ணிக்கைதான். கதை சொல்வது கெடுதல் என்றும் இந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் கதையைப் பிடுங்கினால்தான் குணம் வரும் என்ற எங்கள் அவசரத்துக்கு அதில் ஆதாரம் இல்லை. அங்கே கதை சொன்ன பிள்ளைக்குக்கூட அடுத்த அமர்வு இருந்தது, அதே ஆள் திரும்பி வந்தார். நாங்கள் திரும்பிப் போனோமா?

நாங்கள் மட்டும் இல்லை. 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2016இல் சட்டமாகி 2018இல் வேலை தொடங்கிய காணாமல் போனோர் அலுவலகம். இடையிடையே என்ஜிஓ படிவங்கள், ஊடகக் கமராக்கள், எங்களைப் போன்ற கம்பஸ் பிள்ளைகள். ஒவ்வொரு வாசலிலும் அதே அம்மா அதே நாளை முதலில் இருந்து சொல்கிறா. பதில் எதுவும் வரவில்லை. உடலும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை, ஒப்பாரி வைத்து முடிக்கவும் வழியில்லை. கேட்டவர்களிடம் மட்டும் கோப்பு இருக்கிறது.

இங்கே சில தோழர்கள் குறுக்கிடுவார்கள்: "மூச்சை இழுத்துவிடச் சொல்லிச் சனத்தை அமைதியாக்கி, நீதியை மறக்கடிக்கிற வேலைதானே இது?" அந்தப் பயம் நியாயமானது. நீதிக்குப் பதிலாகத் தியான வகுப்பு நடத்துகிறவர்களை நாங்களும் எதிர்க்கிறோம். ஆனால் கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20இல் இருந்து குந்தின அம்மாக்களைப் பாருங்கள். எப்போது கதைப்பது, எதைச் சொல்வது, யாருக்குச் சொல்வது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள், பக்கத்தில் இன்னொரு அம்மா இருந்தா. இரவு நித்திரை கொண்ட அம்மாவுக்குத்தான் அடுத்த நாளும் வீதியில் இருக்கப் பலம் வரும். அமைதி என்பது சமாதானமாகிப் போவது இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதிர்ச்சியில் இருந்து மீள்வதன் முதல் படி பாதுகாப்பு என்று ஜூடித் ஹேர்மன் 1992இலேயே எழுதினார். நினைவுகூர்வதும் துக்கப்படுவதும் அதற்குப் பிறகுதான். காணி முகாமுக்குள் இருக்க, வீட்டுக்கு யார் வந்தது என்று அடுத்த நாள் சிவில் உடையில் ஒருத்தர் வந்து விசாரிக்க, எந்தப் பாதுகாப்பில் அந்த அம்மா கண்ணை மூடி மூச்சை விடுவா? ஆகவே மென்மையான சிகிச்சையைக் கேட்பதே அரசியல் கோரிக்கைதான். காணியைக் கேட்பதும், கண்காணிப்பை நிறுத்தச் சொல்வதும், ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலையிலும் தமிழில் கதைக்கிற உளவளத்துணையாளரைக் கேட்பதும் அதற்குள்தான் வரும்.

அதுவரைக்கும் எங்கள் கையில் இருப்பதை நாங்கள் மாற்றலாம். கலைப்பீடத்தில் களஆய்வுக்குப் போகும் எல்லாருக்கும் சொல்கிறோம். ஏற்கெனவே பதிவான வாக்குமூலத்தில் கிடைப்பதற்காக ஒருவரைத் திரும்பச் சொல்லவைக்காதேங்கோ. "வேண்டாம் என்றால் நிப்பாட்டலாம்" என்று முதலிலேயே சொல்லுங்கோ, கை நடுங்கினால் நீங்களே நிப்பாட்டுங்கோ. உதவி எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு போங்கோ. தனியாக விட்டிட்டு வராதேங்கோ. திரும்பிப் போங்கோ, போனும் கொப்பியும் இல்லாமல். இதைக் கற்பிக்காமல் எங்களைக் களத்துக்கு அனுப்பும் பாடத்திட்டத்தையும் கேள்வி கேளுங்கோ.

அந்த றெக்கோடிங்கை ஆய்வேட்டில் சேர்க்காமல் அழித்துவிட்டோம். புள்ளி குறைந்தது. பிறகு ஒருநாள் அந்த வீட்டுக்குப் போனோம். அம்மா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றா. மகனைப் பற்றி நாங்கள் எதுவும் கேட்கவில்லை. மத்தியானம் வரைக்கும் இருந்து முருங்கைக்காய் ஆய்ந்து குடுத்தோம். வெளிக்கிடேக்கை, அவவே மகனுக்கு முருங்கைக்காய்க் கறி பிடிக்கும் என்று சொன்னா. அவ்வளவுதான் சொன்னா. நாங்கள் அதுக்குமேல் கேட்கேல்லை.