அனுப்பிய அழைப்பும் சேராத மின்னஞ்சலும்

எமது ஆசிரிய பீடத்திற்குப் பயிலுநர் செய்தியாளர்களைச் சேர்த்துக் கொள்வதற்கான நேர்முகத் தேர்வொன்று அண்மையில் நடைபெற்றது. தகுதியுடைய விண்ணப்பதாரிகளுக்கு மின்னஞ்சல் மூலம் அழைப்பு விடுக்கப்பட்டிருந்தது. குறித்த தினத்தில் அரைவாசிப் பேர்கூட வரவில்லை. இன்றைய இளைஞர்களுக்கு இத்தொழிலில் நாட்டம் குறைந்துவிட்டது என்று எமக்குள் பேசிக்கொண்டு, வந்தவர்களுள் இருவரைத் தெரிவு செய்தோம். ஒரு வாரத்தின் பின்னர் முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து யுவதி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, நேர்முகத் தேர்வு எப்போது நடைபெறும் என்று வினவினார். அப்போதுதான், நாட்டம் குறைந்திருந்தது அவர்களுக்கல்ல, கவனம் குறைந்திருந்தது எமக்கே என்பது புலனாயிற்று.

அனுப்பியவை என்ற பகுதியில் அத்தனை அழைப்புகளும் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் அவற்றுட் பல, பெறுநர்களின் ஸ்பாம் பகுதிக்குள் முடங்கிக் கிடந்தன. வேறு சில ஏற்கப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. அதனை அறிவிக்கும் செய்திகளோ எமது அலுவலகத்தில் எவரும் திறந்து பார்க்காத ஒரு பொது அஞ்சல் பெட்டியில் குவிந்திருந்தன. சில மாதங்களுக்கு முன்னர் எமது மின்னஞ்சல் சேவையை ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொரு நிறுவனத்திற்கு மாற்றியிருந்தோம். எமது பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமை பெற்ற சேர்வர்களின் பட்டியலில் பழைய சேர்வரின் விபரமே தொடர்ந்தும் இருந்துள்ளது.

இது எமக்கு மாத்திரம் நேர்ந்த விபத்தல்ல. மின்னஞ்சல் பரிமாற்றத்திற்கான அடிப்படை விதிமுறை 1982ஆம் ஆண்டில் ஜொனதன் பொஸ்டல் என்ற அமெரிக்கக் கணினி அறிஞரால் எழுதப்பட்டது. ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்களின் சிறிய உலகம் அது. எனவே அனுப்புநர் யார் என்பதைச் சோதிக்கும் ஏற்பாடு எதுவும் அதில் இருக்கவில்லை. கடித உறையின் பின்புறத்தில் எவரும் எவரது பெயரையும் எழுதித் தபாற் பெட்டியில் இடலாம் என்பது போன்ற நிலைமையே அது. வங்கிகளின் பெயரால் வரும் மோசடிக் கடிதங்கள் இந்த ஓட்டையினூடாகவே நுழைந்தன.

ஓட்டையை அடைப்பதற்கு மூன்று ஏற்பாடுகள் பின்னாளில் உருவாகின. எஸ்.பி.எப். என்பது மேலே நாம் குறிப்பிட்ட சேர்வர்களின் பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது ஒவ்வொரு கடிதத்திலும் இடப்படும் இலத்திரனியல் முத்திரை. இவ்விரு சோதனைகளிலும் தவறும் கடிதத்தை ஏற்பதா, ஒதுக்குவதா, நிராகரிப்பதா என்று பெறுபவருக்குச் சொல்லிவைப்பது டிமார்க். நீண்ட காலமாக இவை விரும்பியோர் பின்பற்றும் ஏற்பாடுகளாகவே இருந்தன. 2024 பெப்ரவரியில் கூகுளும் யாஹுவும் இவற்றை நிபந்தனைகளாக்கின. ஜீமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000இற்கும் மேற்பட்ட அஞ்சல்களை அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம். அதற்குக் குறைவாக அனுப்புவோருக்கும் முதலிரண்டில் ஒன்றேனும் இருந்தாக வேண்டும். 2025 மே மாதத்தில் மைக்ரோசொப்ட் நிறுவனமும் பெருந்தொகையாக அனுப்புவோருக்கு இதே வழியைப் பின்பற்றியது.

இவ்விதிகள் வேண்டாதவை என்று நாம் கூற வரவில்லை. ஆயினும் இவற்றின் சுமை எவர் மீது விழுகின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய நிறுவனங்களிடம் இதற்கென்றே பொறியியலாளர்கள் உள்ளனர். ஒரு பாடசாலையோ, சனசமூக நிலையமோ, கூட்டுறவுச் சங்கமோ எங்கோ ஒரு சேர்வரில் பலரோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டு அஞ்சல் அனுப்புகின்றது. அதே சேர்வரிலுள்ள வேறொருவர் குப்பை அஞ்சல் அனுப்பினால், கறுப்புப் பட்டியலில் எல்லோரும் சேர்ந்தே அகப்படுவர். எமது விடயத்தில் இன்னொன்றையும் கண்டோம். முன்னரே எம்முடன் கடிதத் தொடர்பு வைத்திருந்த விண்ணப்பதாரிகளுக்கு அழைப்பு உரிய இடத்திலேயே கிடைத்திருந்தது. முதன்முறையாக எழுதியவர்களே பெரும்பாலும் விடுபட்டிருந்தனர். அறிமுகம் உள்ளவருக்குக் கதவு திறக்கும் நாட்டுவழக்கத்தை இயந்திரமும் கற்றுக்கொண்டது போலும்.

திரும்பி வரும் கடிதத்தைப் பார்த்தவுடன் அழித்துவிடுவது எம்மிற் பலரது வழக்கம். உண்மையில் காரணம் அதிற்றான் எழுதப்பட்டுள்ளது. 4இல் தொடங்கும் இலக்கமாயின் தடை தற்காலிகமானது. சேர்வர் தானாகவே மீண்டும் முயலும். 5இல் தொடங்குமாயின் மறுப்பு முடிவானது. முகவரி பிழையாக இருக்கலாம், பெட்டி நிறைந்திருக்கலாம், அனுப்புநர் சோதனையில் தவறியிருக்கலாம். எதுவுமே திரும்பி வராதபோது, வேறொரு நிறுவனத்திலுள்ள தமது சொந்த முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பிப் பார்ப்பதே சுலபமான பரிசோதனை. ஜீமெயிலில் அக்கடிதத்தின் மூலவடிவத்தைத் திறந்தால் மூன்று சோதனைகளின் பெறுபேறுகளும் தெரியும். நாம் இதனைச் செய்ய ஐந்து நிமிடங்கூட ஆகவில்லை. நேர்முகத் தேர்வுக்கு முன்னர் செய்யவில்லை என்பதே குறை.

அனுப்புநர் யாதொரு தவறும் செய்யாத நிலையிலும் கடிதம் இல்லாது போகலாம். 2023 ஓகஸ்டில் எமது நாட்டின் அரச கிளவுட் வலையமைப்பு கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்குள்ளானபோது, சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகளுக்குப் பிரதி இருக்கவில்லை. அக்காலத்தில் முறைப்பாடோ விண்ணப்பமோ அனுப்பிய பொதுமகன், தனது கடிதம் எவரிடமும் இல்லை என்பதை எப்படி அறிந்திருப்பான்?

சட்டமும் இவ்விடத்தில் அவனுக்குப் பெரிதும் துணை நிற்பதாகத் தெரியவில்லை. இலங்கை 2015இல் ஏற்று உறுதிப்படுத்திய இலத்திரனியல் தொடர்பாடல்கள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின்படி, ஒருவர் குறித்துக் கொடுத்த முகவரியைச் செய்தி அடைந்துவிட்டால், அதனை அவர் பெற்றெடுக்கக் கூடியதாயிற்று என்றே அனுமானிக்கப்படும். ஸ்பாம் பகுதியும் அம்முகவரிக்குள் அடங்கியதே என்று வாதிட இடமுண்டு. அவ்வாறாயின் முல்லைத்தீவு யுவதிக்கு நாம் முறையாக அறிவித்துவிட்டோம் என்று கூறித் தப்பிக்கொள்ளலாம். புலமைப்பரிசில், வேலைவாய்ப்பு, பல்கலைக்கழக அனுமதி எனக் காலக்கெடு உள்ள விடயங்களில் இத்தகைய பதிலுக்கு இடமளிக்கலாகாது. மின்னஞ்சலுடன் ஒரு குறுஞ்செய்தியோ தொலைபேசி அழைப்போ கட்டாயமாக்கப்படுதல் வேண்டும். பதில் வராதவர் விருப்பமற்றவர் என்று கருதப்படுவதும் நிறுத்தப்பட வேண்டும்.

விடுபட்ட அனைவரையும் நாம் தொலைபேசியில் அழைத்தோம். இருவர் இதற்கிடையில் வேறு தொழில்களில் சேர்ந்திருந்தனர். நியமனம் பெற்றவர்களை நீக்குவது நியாயமாகாது என்பதால், எஞ்சியோருக்கு அடுத்த வெற்றிடத்திற்கான தேர்வு நடைபெறவுள்ளது. அதற்கான அழைப்புக் கடிதங்கள் இம்முறை பதிவுத் தபாலிலும் அனுப்பப்பட்டுள்ளன.