நோயுற்ற குழந்தை வரையும் படம்

நம் இல்லங்களின் பூசையறைகளில் அருள்புரியும் முருகப்பெருமானும் மீனாட்சியம்மையும் எங்கிருந்து வந்தார்கள் என்று படத்தின் அடியில் உற்றுப் பார்த்தால், பெரும்பாலும் சிவகாசி என்ற பெயரே காணப்படும். இளமையில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் தங்கியிருந்து, பின்னர் கோவில்பட்டியில் நிலைபெற்ற ஓவியர் கொண்டையராஜு (1898–1976) தீட்டிய திருவுருவங்கள், சிவகாசி அச்சகங்களின் வழியே நாட்காட்டிகளாகி நாடெங்கும் சென்றன. காகிதமும் வண்ணமும் இந்த மண்ணின் செல்வங்கள்.

இதே மண்ணின் மற்றொரு தொழில் நெருப்போடு உறவாடுவது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்திருக்க இயலாது. சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கெனத் தனிப்பிரிவே இயங்குகிறது. தீபாவளி தோறும் எங்கெங்கோ சில குழந்தைகளும் தீக்காயத்தோடு மருத்துவமனை சேர்கிறார்கள். அத்தகைய குழந்தையின் கையில் ஒரு தாளும் நான்கு வண்ணக்கட்டிகளும் இருந்தால் என்ன நிகழும் என்பதே இவ்வாரச் சிந்தனை.

கேரளத்தின் கொச்சி நகரில் 1976 மே மாதம் கிளிண்ட் என்றொரு சிறுவன் பிறந்தான். சிறுநீரக நோய் அவனை வாட்டியது. 1983 ஏப்ரலில், ஏழு வயது நிறைய ஒரு மாதமே இருந்தபோது, அவன் மறைந்தான். அவன் விட்டுச் சென்ற ஓவியங்கள் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேல். வங்கியில் காலம் கழித்தவனாதலால் கணக்கிட்டுப் பார்த்தேன். அவன் வாழ்ந்தவை ஏறத்தாழ 2,520 நாட்கள். பிறந்த நாள் முதலே எண்ணினாலும் நாளொன்றுக்குப் பத்துப் படங்கள்! கோயில் திருவிழாவையும் யானையையும் தெய்யம் ஆடுவோரையும் அப்பிள்ளை வரைந்தான். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கான போட்டி ஒன்றில் ஐந்து வயதிலேயே முதற்பரிசு பெற்றான். உடல் நலிந்திருந்த குழந்தையின் உள்ளம் எத்தனை வீதிகளில் உலா வந்திருக்கிறது!

ஜப்பானின் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது சடாகோ சசாகி இரண்டு வயதுக் குழந்தை. பத்தாண்டுகள் கழித்து, 1955 பிப்ரவரியில், இரத்தப் புற்றுநோயோடு அவள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். ஆயிரம் காகிதக் கொக்குகளை மடித்தால் வேண்டுதல் பலிக்கும் என்பது அந்நாட்டு நம்பிக்கை. மருந்து சுற்றி வந்த தாள்களைக்கூட வீணாக்காமல் அவள் கொக்குகளை மடித்துக் குவித்தாள். அவ்வாண்டு அக்டோபரில் அவள் உயிர் பிரிந்தது. அவளுடைய பள்ளித் தோழர்கள் தொடங்கிய முயற்சியால் 1958இல் குழந்தைகளுக்கான அமைதி நினைவுச்சின்னம் எழுந்தது. இன்றும் உலகெங்குமிருந்து குழந்தைகள் அவ்விடத்துக்குக் காகிதக் கொக்குகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

கலை நோயை நீக்கிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. இவ்விரு குழந்தைகளும் பிழைக்கவில்லை. எனினும் மருத்துவமனையில் கிடக்கும் குழந்தையின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஊசி போடுவது பிறர். கட்டு மாற்றுவது பிறர். எப்போது உண்பது, எப்போது உறங்குவது என்று தீர்மானிப்பதும் பிறரே. அந்த நாளில் குழந்தை தானாகச் செய்யும் செயல் ஒன்றேனும் வேண்டாமா? எந்த வண்ணத்தை எடுப்பது, கோட்டை எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் அதுவே முடிவு செய்கிறது. அதன் துணிவு அங்கேதான் வெளிப்படுகிறது.

மருத்துவ உலகமும் இதை உணர்ந்திருக்கிறது. ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் 1938இல் காசநோய் விடுதியில் படுத்திருந்த காலத்தில், வரைவது தம் மனத்துக்குத் தெம்பு தருவதைக் கண்டார். பின்னர் அங்கிருந்த பிற நோயாளிகளுக்கும் கற்பித்தார். 1942இல் ‘கலைச் சிகிச்சை’ என்ற பெயரை வழங்கியவர் அவரே. தீக்காயம் பட்டவர்க்கு மற்றொரு பயனும் உண்டு. காயம் ஆறும்போது தோல் சுருங்கி விரல்களை மடக்கி இழுக்கும். அதைத் தடுக்க விரல்களுக்குப் பயிற்சி தேவை. வலிக்கும் பயிற்சிக்கு முகம் சுளிக்கும் குழந்தை, களிமண் பிசையவும் வண்ணம் தீட்டவும் தானே கையை நீட்டும்.

இங்கே நம்மைப் போன்ற மூத்தோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தீயில் வெந்த குழந்தை தீயையே வரையக்கூடும். கறுப்பும் சிவப்புமாகத் தாளை நிரப்பக்கூடும். “அபசகுனம், இதை ஏன் வரைகிறாய்? பூ வரை, கிளி வரை” என்று தாளைப் பறிக்க நம் கை விரையும். அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம். ஆயினும் அது தகாது.

இருக்கன்குடி மாரியம்மன் சந்நிதியை நினைவுகூருங்கள். கண்நோய் கண்டவர் கண்மலர் சாத்துகிறார். கை கால் நொந்தவர் அவ்வுறுப்பின் உருவத்தையே காணிக்கையாக்குகிறார். நொந்த உறுப்பை நாம் அம்மனிடம் மறைப்பதில்லை. அதற்கு உருவம் கொடுத்து அவள் திருமுன் வைக்கிறோம். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலில் அடியவர் அக்கினிச்சட்டி ஏந்தி வருவதில்லையா? அஞ்சத்தக்க நெருப்பு, சட்டியில் அடங்கிப் பக்தரின் கையில் வருகிறது. தீயைத் தாளில் வரையும் குழந்தையும் தன் அச்சத்துக்கு ஓர் எல்லை கட்டித் தன் கையில் ஏந்திக்கொள்கிறது. அதுவும் ஒரு விண்ணப்பமே. அதைக் கிழித்தெறிய நமக்கு உரிமை இல்லை.

ஆகவே, பேரக்குழந்தையையோ அண்டை வீட்டுப் பிள்ளையையோ காண மருத்துவமனை செல்லும்போது, பழப்பையோடு ஒரு வரைநோட்டும் வண்ணக்கட்டிகளும் எடுத்துச் செல்லுங்கள். அவை புதியனவாக இருக்கட்டும்; தொற்று அச்சம் உள்ள இடமாதலால் செவிலியரைக் கேட்டபின் கொடுங்கள். கையில் கட்டு இருந்தால், குழந்தை சொல்லச் சொல்ல நீங்கள் வரையுங்கள். கோடு கோணினால் அது சிரிக்கும், அச்சிரிப்பும் நல்லதே. “இது என்ன, யானையா?” என்று கேட்டுத் திருத்த வேண்டாம். “இதைப் பற்றிச் சொல்லு, கண்ணு” என்று கேட்டுவிட்டு, வாய் திறவாமல் செவி கொடுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

படத்தின் பின்புறம் பெயரும் நாளும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். நலம்பெற்று வீடு திரும்பிய குழந்தை, தான் எவ்வளவு பெரிய துன்பத்தைக் கடந்து வந்தது என்பதைப் பின்னாளில் அதைக் கண்டு அறியும். ஒருவேளை அம்மன் வேறுவிதமாகத் திருவுளம் கொண்டாளாயின், கிளிண்டின் பெற்றோருக்கு வாய்த்தது போல, அந்தப் பிஞ்சு உள்ளம் கண்ட உலகமேனும் பெற்றோரின் கையில் எஞ்சியிருக்கும்.