கணையமும் ரத்தக் கொழுப்பும்

கொழுப்பு என்றதும் இருதயத்தை எண்ணி அஞ்சும் நம்மவர், டிரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு மிதமிஞ்சினால் கணையமே திடீரென அழற்சியுறும் என்பதை அறிவதில்லை. டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டிய அது 1000-ஐக் கடக்குங்கால், கணையத்தின் சொந்த நொதியே அதைச் சிதைக்க, அதனின்று விடுபடும் அமிலங்கள் அந்த அவயவத்தையே புண்படுத்துகின்றன; பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்தின் நீர்ப்பகுதி பால்போல் வெளுத்திருப்பதும், அக்கொழுப்பின் குறுக்கீட்டால் கணைய அழற்சியைக் காட்ட வேண்டிய அமைலேஸ் நொதியின் அளவு சகஜமாகவே தோன்றி வைத்தியரை ஏமாற்றுவதும் உண்டு.

மும்பையின் மாட்டுங்காப் பொங்கலின் நெய்யை மட்டும் இதற்குப் பழிப்பது நியாயமன்று. கட்டுக்கடங்காத நீரிழிவும், மதுவும், செம்பூர் வீடுகளில் பட்சணமாக நாள்தோறும் உட்செல்லும் சர்க்கரையும், சில குடும்பங்களில் பரம்பரையும் இக்கொழுப்பைப் பெருக்குகின்றன. சிகிச்சைக்கோ, சயானிலுள்ள லோகமான்ய திலகர் மருத்துவமனை தாராவிக்கு அண்மையிலேயே இருக்கிறது. ஆயினும் மேல்வயிற்றில் எழுந்து முதுகுவரை ஊடுருவும் வலியையும் ஓயாத வாந்தியையும் வாயுவென்று கருதி, சோடாவும் கஷாயமும் அருந்தி இரவைக் கழிப்போர், உபவாசமும் சிரைவழி நீரும் சிலருக்கு இன்சுலினும் உடனே தேவைப்படும் பொழுதை வீணே இழக்கிறார்கள்.

நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரையோடு டிரைகிளிசரைடையும் ஆண்டுதோறும் அளந்து சொல்வதை மாநகராட்சி மருந்தகங்கள் தம் கடமையாகக் கொள்ள வேண்டும். அக்கொழுப்பின் அளவு மிக உயர்ந்திருப்பின், நோயாளியின் உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் அழைத்துப் பரிசோதிப்பதும் அக்கடமையைச் சார்ந்ததே.