பக்தர்களுக்கு நடுவே ஓடிய கோடு

பரிணாமம் பற்றிய டார்வினின் நூல் கடைக்கு வருவதற்குச் சில நாள் முன்பே, 1859 நவம்பரில், அதை வாசித்துவிட்டு அவருக்குக் கடிதம் எழுதினார் சார்லஸ் கிங்ஸ்லி. அவர் ஆங்கிலிக்கன் குரு. உயிர்கள் தாமே வளர்ந்து மாறும்படி கடவுள் படைத்தார் என்று கொண்டால் அவர் மகிமை ஒன்றும் குறையாது என்பது கிங்ஸ்லியின் கருத்து. டார்வின் அதை இரண்டாம் பதிப்பிலேயே சேர்த்துக்கொண்டார். அமெரிக்காவில் டார்வினுக்காக முதலில் வாதாடிய ஹார்வர்டு தாவரவியலாளர் ஏசா கிரேயும் உறுதியான கிறிஸ்தவர்தான்.

அறிவியல் ஒரு பக்கம், மதம் மறுபக்கம் என்று இந்த விஷயத்தில் நாம் எளிதாகக் கோடு கிழித்துவிடுகிறோம். அந்தக் கோடு பெரும்பாலும் பக்தர்களுக்கு நடுவேதான் ஓடியிருக்கிறது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியின் சார்லஸ் ஹாட்ஜ், டார்வினின் கொள்கை நாத்திகமே என்று 1874இல் எழுதினார். அதே கல்லூரியில் பின்னாளில் இறையியல் கற்பித்த பெஞ்சமின் வார்ஃபீல்டு, வேதத்தில் பிழையே கிடையாது என்று அழுத்தமாக வாதிட்டவர். பரிணாமத்துக்கு அவர் கதவடைக்கவில்லை.

1925இல் டென்னசியின் டேட்டன் நகரில், பரிணாமம் கற்பித்ததாக ஒரு பள்ளி ஆசிரியர் மீது நடந்த ஸ்கோப்ஸ் வழக்கை எல்லோரும் அறிவார்கள். பரிணாமத்தை எதிர்த்து அங்கே நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், அறியாமையின் உருவமாகவே நினைவில் நின்றுவிட்டார். அது அவருக்குச் செய்யும் அநியாயம். மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்று தோற்ற அவர், ஏழை விவசாயிகளின் குரலாக இருந்தவர். வலியவன் வாழ்வான் என்ற பேச்சு எளியவர்களை நசுக்கும், போருக்கு நியாயம் கற்பிக்கும் என்று உண்மையாகவே பயந்தார். வழக்கில் அடிபட்ட உயிரியல் பாடநூலில் இனமேம்பாட்டுவாதம் இருந்தது. 'தாழ்ந்த' குடும்பங்கள் பெருகாமல் தடுக்க வேண்டும் என்று அது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. பிரையனின் உயிரியல் தவறு. அவருடைய பயம் தவறல்ல. இன்னொன்றும் மறந்துபோனது: படைப்பின் ஆறு நாளும் 24 மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று சாட்சிக்கூண்டில் அவரே ஒப்புக்கொண்டார்.

பூமிக்குச் சில ஆயிரம் வயதுதான், பாறை அடுக்குகளெல்லாம் நோவாவின் பெருவெள்ளம் விட்டுச்சென்றவை என்ற வாதம் அந்நாளில் சிறுபான்மைக் குரல். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ் 1923இல் அதைப் பெரிய நூலாக எழுதினார். வேதாகம ஆசிரியர் ஜான் விட்கோம், நீரியல் பொறியாளர் ஹென்றி மோரிஸ் இருவரும் 1961இல் வெளியிட்ட நூல்தான் அதைச் சபை சபையாகக் கொண்டுசேர்த்தது. தாத்தா காலத்தில் பல திருச்சபைகள் வற்புறுத்தாத ஒன்று, பேரன் காலத்தில் விசுவாசத்துக்கே அளவுகோலானது. பாறையையும் புதைபடிவத்தையும் நேசித்துப் படிக்க வந்த எத்தனையோ இளம் விசுவாசிகள், வேதமா படிப்பா என்று தேவையில்லாமல் நெருக்கப்பட்டார்கள். இதில் எனக்கு வருத்தம் மட்டுமல்ல, கோபமும் உண்டு.

1981இல் ஆர்கன்சா மாநிலம், பரிணாமம் கற்பித்தால் 'படைப்பு அறிவியலுக்கும்' சம இடம் தர வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அதை எதிர்த்து மெதடிஸ்ட், எபிஸ்கோப்பல், கத்தோலிக்க ஆயர்கள் நீதிமன்றம் போனார்கள். யூத அமைப்புகளும் சேர்ந்துகொண்டன. 1982 ஜனவரியில் சட்டம் செல்லாது என்று தீர்ப்பானது. வழக்கில் முதல் வாதியாக நின்று, அதற்குத் தம் பெயரையே தந்தவர் வில்லியம் மெக்லீன் என்ற போதகர்.