சிவப்பு எந்த உயரத்தில்?

மாணவ நண்பர்களே, ஐப்பசி பிறந்ததும் நம் தஞ்சைப் பகுதியில் கைபேசிக்குக் கைபேசி ஒரு வண்ணப்படம் தாவுவதைப் பார்த்திருப்பீர்கள். காரைக்காலில் உள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறையின் டாப்ளர் ரேடார் தரும் படம் அது. நம் ஊரின்மேல் சிவப்பு தெரிந்துவிட்டால் போதும், சாலையில் காயப்போட்ட குறுவை நெல்லை அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுகிறார்கள். ஈரம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் வழக்கமாக நெல்லை எடுப்பதில்லை; ஆகவே அவசரம் நியாயமானதே. ஆனால் சில நாள்களில் அந்தச் சிவப்பின் கீழே வெறும் தூறல்தான் விழுகிறது. "ரேடார் பொய் சொல்லிவிட்டது" என்கிறார்கள். ரேடார் பொய் சொல்லவில்லை. படத்தைப் படிக்க நமக்கு யாரும் கற்றுத் தரவில்லை என்பதே என் கருத்து.

ரேடார் சுமார் 10 செ.மீ. அலைநீளமுள்ள அலைகளைத் துடிப்புகளாக அனுப்புகிறது. மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் பங்கை அளக்கிறது. வட்டமாக ஒரு சுற்று, பிறகு சற்றே நிமிர்ந்து இன்னொரு சுற்று, இப்படிப் பல. முடிவில் கிடைப்பது படம் அன்று, எண்கள் நிறைந்த ஒரு பெரிய பெட்டி. நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ள அந்தப் பெட்டியைக் கணிப்பொறி எங்கேனும் வெட்டி, வெட்டுமுகத்துக்கு நிறம் பூசினால்தான் நம் கண்ணுக்குப் படமாகும். வாழை மரத்தைக் குறுக்கே வெட்டினால் வளையங்கள், நெடுக்கே பிளந்தால் கோடுகள். மரம் ஒன்றுதான் அல்லவா?

பெரிதும் பரவும் படமோ வெட்டுமுகம்கூட அன்று. ஒவ்வோர் இடத்துக்கும் நேர் மேலே நிற்கும் காற்றுத்தூணில் எந்த மதிப்பு மிகப் பெரியதோ, அதை மட்டும் எடுத்துத் தட்டையாக்கியது. நம் பகுதியில் ஏறக்குறைய 5 கி.மீ. உயரத்தில் பனித்துகள்கள் உருகத் தொடங்குகின்றன. நீர் பூசிய பனித்துகளை ரேடார் ஒரு பெருந்துளியாகவே காண்கிறது. துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் எதிரொலி 64 மடங்காகும் என்பதால் அங்கே மதிப்பு எகிறிவிடும். தரையில் தூறல், படத்தில் மிரட்டல்! மூலப் படத்தின் மேலும் பக்கத்திலும் உயரத்தைக் காட்டும் இரு பட்டைகள் உண்டு. சிவப்பு எந்த உயரத்தில் என்பதை அவையே சொல்லும். நம்மவர்கள் படத்தைப் பகிரும்போது முதலில் கத்தரித்து எறிவது அவற்றைத்தான்.

தாழ்ந்த வெட்டைப் பார்த்தால் தீர்ந்ததா என்றால், அதுவும் முழுமையாக இல்லை. அரைப் பாகை நிமிர்ந்து புறப்படும் கதிர், சுமார் 75 கி.மீ. தொலைவிலுள்ள தஞ்சைக்கு வரும்போதே 1 கி.மீ. உயரம் ஏறிவிடுகிறது. 250 கி.மீ.யில் 6 கி.மீ. பூமி உருண்டை என்பதை ரேடாரும் மறக்க முடியாது.

நிறமும் இயற்கை கொடுத்ததன்று, வரைபவர் தேர்ந்தது. எதிரொலியின் வலிமையை டெசிபெல்லில் குறிக்கிறார்கள். 1948இல் மார்ஷல், பால்மர் ஆகியோர் தந்த சூத்திரப்படி 40 டெசிபெல் மணிக்குச் சுமார் 12 மி.மீ. மழை, 50 டெசிபெல் ஏறக்குறைய 50 மி.மீ. பத்துப் படிக்குள் நான்கு மடங்கு வேறுபாடு! இதை வானவில் நிறங்களில் வரைவது எனக்குப் பிடிப்பதில்லை. மஞ்சள் பளிச்சென்று எழும்பி, இல்லாத எல்லை ஒன்றைக் காட்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்களுக்கோ படமே குழம்பிப்போகும். மேட்பிளாட்லிப் என்னும் இலவச வரைபட மென்பொருள் தன் இயல்பு நிறவரிசையாக இருந்த வானவில்லை 2017இல் கைவிட்டு, கருநீலத்திலிருந்து மஞ்சள் வரை சீராக வெளிச்சம் கூடும் வரிசையை ஏற்றது. தொலைக்காட்சிகள் இன்னும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் அந்த மென்பொருளை இயக்கலாம். ஒரே தரவை 1 கி.மீ.யிலும் 5 கி.மீ.யிலும் வெட்டி, நீங்களே நிறம் கொடுத்துப் பாருங்கள். கணிப்பொறி இல்லையென்றால் ஒளிபுகும் தாள்கள் நான்கை அடுக்கி, உயரத்துக்கு ஒரு தாளாக வரையலாம். பிறகு அடுத்த மழைக்கு முன் பட்டைகளோடும் நிற அளவோடும் முழுப் படத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டி விளக்குங்கள். விவசாயிக்கு இதெல்லாம் புரியுமா என்று சிலர் கேட்கிறார்கள். நெல்மணியைப் பல்லில் கடித்தே ஈரத்தைச் சொல்பவருக்கு இது புரியாதா என்ன?