எல்லாம் அடங்கிய கட்டணம்

மணநாளைக் கொண்டாடத் திருகோணமலையின் நிலாவெளிக் கரைக்கு வரும் தம்பதியர், உணவும் மதுவும் உறைவிடமும் ஒரே கட்டணத்தில் அடங்கிய விடுதியைத் தேடுகின்றனர். அவர்களது மகிழ்ச்சியில் நமக்குப் பொறாமையில்லை. அக்கட்டணத்தில் அடங்காதவர் யார் என்பதே நம் கேள்வி. 2004 ஆழிப்பேரலைக்குப் பின், வடக்கு, கிழக்குக் கரைகளில் 200 மீட்டருக்குள் வீடு கட்டலாகாது என்றது அரசு. சுற்றுலா விடுதிகளுக்கோ விலக்களித்தது! கடல் ஆளறிந்தா பொங்குகிறது? அத்தடை பின்னர் தளர்த்தப்பட்டது என்பது உண்மையே. ஆயினும் கரை யாருக்குரியது என்று ஆள்வோர் கருதினர் என்பது அன்றே வெளிப்பட்டுவிட்டது. மூன்று வேளையும் மதிலுக்குள்ளேயே உண்பவர், ஊர்ச் சாப்பாட்டுக் கடையின் படியேறுவாரா? விடுதியைத் தேர்வோர், ஆசிரிய நண்பர்கள் உட்பட, ஒன்றைக் கேட்டறியட்டும்: கரைவலை இழுப்போர் வள்ளம் ஏற்றவும் வலை உலர்த்தவும் அந்த மதிலுக்கு முன்னே மணல் எஞ்சியிருக்கிறதா?