பாறையில் நிற்கும் பெயர்கள்

கழுகுமலைப் பாறையில், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் சமணர் பொறித்த வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் குரவர், குரத்தியர் பெயர்களோடு மாணாக்கர் பெயர்களும் நிற்கின்றன. கல்வி என்பது ஆளுக்கும் ஆளுக்கும் உள்ள உறவு என்பதற்கு அப்பாறையே சான்று.

2018 முதல் தமிழகப் பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சாகின்றன. 2023இல் அரசின் 'மணற்கேணி' செயலியும் வந்தது. இவற்றை நாம் பழிக்கவில்லை. நல்லாசிரியர் கையில் இவை நல்ல கருவிகளே. ஆனால், "செயலியில் பார்த்துக்கொள்" என்று வகுப்பில் முடிக்க வேண்டிய பாடத்தை வீட்டுக்குத் தள்ளிவிடும் வழக்கத்தை வன்மையாக மறுக்கிறோம். இக்கரிசல் மண்ணில், தீப்பெட்டி ஆலைக்குச் செல்லும் தாயோடு வீட்டின் ஒரே கைபேசியும் சென்றுவிடுகிறது. அவர் திரும்பும்வரை அப்பிள்ளைக்குப் பாடம் ஏது? 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோதே இதைக் கண்டோம். திரை எட்டாத தெருக்களுக்கு, 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி'யின் தன்னார்வலர்கள் நேரில்தான் செல்ல வேண்டியிருந்தது.

நம் கத்தோலிக்கப் பள்ளிகளும் இக்குற்றத்திற்கு விலக்கல்ல. திரைப்பலகையைக் காட்டிச் சேர்க்கை தேடுகிறோம். பெற்றோரே, "எத்தனை திரைகள் உள்ளன?" என்று கேளாதீர்கள். "என் பிள்ளைக்கு எது விளங்கவில்லை என்று அறிந்த ஆசிரியர் யார்?" என்று கேளுங்கள். விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாம்.